பழைய டெஸ்க்டாப்பில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது?

கேள்வி: "அண்ணா, அருப்புக்கோட்டையில் சின்னதாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2014-இல் அசெம்பிள் செய்த சிஸ்டம். ஐ3 4150 ப்ராசஸர், எச்81 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பழைய விஜிஏ மானிட்டர். காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் தயாராகியிருக்காது. போட்டோஷாப்பையும் குரோமையும் சேர்த்துத் திறந்தால் நின்றுவிடுகிறது. பையன் வேறு சாயங்காலம் வேலரண்ட் விளையாட வேண்டும் என்கிறான். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். பார்ட்ஸ் மட்டும் மாற்றினால் போதாதா? எதை வாங்குவது?"

எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். புதுசாக எதை வாங்குவது என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பழசில் எதை நம்பி வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

முதலில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் ஒரு வேலை. நாளைக் காலை சிஸ்டத்தை ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் டீ குடிக்கப் போங்கள். திரும்பி வந்து பார்த்தால் ப்ராசஸர் 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். கேபினட்டில் காதை வைத்தால் கரகரவென்று சத்தம் கேட்கும். உங்கள் வியாதி பெரும்பாலும் அதுதான்.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். முள் சரியான தடத்துக்குப் போகிற நேரத்தையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒரு செகண்டுக்கு நூறு தடவைகூட அதனால் போய் எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதெல்லாம் அப்படிச் சிதறிய சின்னச் சின்ன ஃபைல்கள்தான். சுற்றும் பாகமே இல்லாமல் சிப்பில் எழுதிவைக்கும் எஸ்எஸ்டி அதே வேலையைச் செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். உங்களுக்கு ரேமும் 4 ஜிபிதான் என்பதால் இன்னொரு தொல்லை: குரோமில் பத்து டேப் திறந்ததும் ரேம் நிரம்பி, மீதியை விண்டோஸ் அதே ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவன் தலையில் இன்னொரு மூட்டை.

ஆகவே மிகக் குறைந்த செலவுள்ள வழி இது: ஒரு சாட்டா எஸ்எஸ்டி (உங்கள் ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் செருகும் வகை) போட்டு, ரேமை 8 அல்லது 16 ஜிபி ஆக்குவது. எச்81 போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏற்காது, ரேம் வகையும் டிடிஆர்3 மட்டுமே. அதில் என்விஎம்இ ஸ்லாட் (கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டிக்கான இடம்) கிடையாது. பிசிஐ அடாப்டர் வாங்கிப் போட்டாலும் அதிலிருந்து பூட் ஆக பயாஸோடு (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த புரோகிராம்) மல்லுக்கட்ட வேண்டும். சாட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எச்81-இல் நான்கு சாட்டா போர்ட் இருந்தால் அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் பாதி. போர்டில் நிறம் மாறியிருக்கும் அல்லது பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். எஸ்எஸ்டியை வேகமானதில் செருக வேண்டும். கடைப் பையன்கள் அவசரத்தில் கைக்கு எட்டியதில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள்.

ப்ராசஸரும் போதவில்லை என்றால் அதே சாக்கெட்டில் செகண்ட் ஹேண்ட் ஐ7 4790 உட்காரும். உங்களுடைய 4150-உம் அதுவும் ஒரே 2014 வரிசை, அதனால் பயாஸ் அப்டேட் தேவைப்படாது. இரண்டு கோர் நான்காகும்.

பில் போடவும் டைப் அடிக்கவும் மட்டும் என்றால் இத்தோடு பதிலை முடித்திருப்பேன். உங்களுக்கு அப்படி முடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை இழுக்கலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்குக் கீழே உள்ளதை மைக்ரோசாஃப்ட் பட்டியலில் சேர்க்கவில்லை. உங்களுடையது நான்காம் தலைமுறை. ரூஃபஸ் மாதிரி டூலை வைத்து அந்தச் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்யலாம், செய்தும் கொடுக்கிறார்கள். வீட்டு சிஸ்டம் என்றால் நானும் அப்படிச் செய்வேன். ஆனால் உங்கள் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ஓடிபி அந்த மெஷின் வழியாகப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த பெரிய அப்டேட் வருமா வராதா என்று தெரியாத சிஸ்டத்தில் அந்த வேலையைச் செய்யக் கூடாது. லினக்ஸ் மிண்ட் போட்டால் பாதுகாப்புக் கவலை தீரும். ஆனால் போட்டோஷாப் ஓடாது. அப்புறம் வேலரண்ட். விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் பயாஸ் வசதி) இல்லாமல் திறக்கவே திறக்காது. குறுக்கு வழியில் போட்ட விண்டோஸில் பையனிடம் திட்டு வாங்கப் போவது நீங்கள்தான்.

புது போர்டு வாங்குவதற்கு முன் இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. ஐடி கம்பெனிகளும் பேங்குகளும் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை மெஷின்கள் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் கிடைக்கும். அதில் ஐ5 8500 போட்டது ஒன்று வந்தால் உற்றுப் பாருங்கள். 2018-இல் வந்தது, ஆறு கோர், விண்டோஸ் 11-க்குத் தகுதியானது. பல நேரம் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் தனித்தனியாக வாங்குவதைவிட இந்த முழு மெஷின் குறைந்த விலைக்கு வந்துவிடும். இப்போது ரேம் விற்கிற விலையில் ரேமோடு சேர்ந்து வருவது என்பதே பெரிய லாபம். குறை என்னவென்றால் இவற்றின் போர்டு, எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), சில மாடல்களில் ஃபேன் கனெக்டர்கூட அந்தக் கம்பெனிக்கென்று தனி வடிவம். எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் அருப்புக்கோட்டையில் கிடைக்காது, மதுரைக்கோ சென்னைக்கோ சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். கடை வேலை மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கச் சொல்வேன். விளையாட்டும் வேண்டும் என்பதால்தான் தயங்குகிறேன். அதிலிருக்கும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸ் வேலரண்டைத் திறக்கும், சந்தோஷமாக ஓட்டாது.

சரி, போர்டு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போர்டு மாறினால் ப்ராசஸரும் மாறும், ரேமும் மாறும். இந்த மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றை மட்டும் பிரிக்க முடியாது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. "அழுத்திப் பாருங்க சார், போகும்" என்று யாராவது சொன்னால் கையை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600ஜி, அல்லது 2024-இல் வந்த அதன் தம்பிகள் 5500ஜிடி, 5600ஜிடி. எது அன்றைக்கு விலை குறைவோ அது. மூன்றுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமலே வேலரண்ட் நன்றாக ஓடும். இன்டெல்லில் ஐ3 12100-உம் ஐ5 12400-உம் நல்ல ப்ராசஸர்கள்தான். போட்டோஷாப் மாதிரி ஒற்றைக் கோரை நம்பும் வேலைகளில் 12400 ஒரு படி மேலேகூட. ஆனால் அதன் உள் கிராஃபிக்ஸ் வேகாவுக்குப் பக்கத்தில் வராது. பையன் இல்லாத வீடாக இருந்தால் 12100-உம் எச்610 போர்டும் போதும் என்றிருப்பேன். அந்த எச்610-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ரேம் ஒன்று, போர்டு இன்னொன்று என்று வாங்கிவந்து விழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

பெயரில் உள்ள எழுத்தைக் கவனியுங்கள். ஏஎம்4-இல் கடைசியில் ஜி இல்லாத 5600, 5500 இரண்டிலும் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. இன்டெல்லில் கடைசியில் எஃப் இருந்தால் அதுவும் அப்படியே. "அதே ப்ராசஸர்தான், ஆயிரம் ரூபாய் கம்மி" என்று எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

ஏஎம்4 பழைய சாக்கெட் ஆயிற்றே, புதிய ஏஎம்5 வாங்கினால் பின்னால் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே ஆகும். 2025-இன் பிற்பகுதியில் இருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஏஐ டேட்டா சென்டர்களுக்குத்தான் சிப்புகள் முதலில் போகின்றன. க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பத்து வருடம் பழைய சிஸ்டத்தோடு ஓட்டியவர் நீங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ப்ராசஸர் மாற்றப் போவதில்லை. வராத அப்கிரேடுக்காக இன்றைக்கே கூடுதல் காசு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டிடிஆர்4-உம் இப்போது மலிவில்லை. ரேமைப் புதிதாக வாங்கினால் 25,000-ஐத் தாண்டத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் ரேமை மட்டும் செகண்ட் ஹேண்டில் எடுங்கள் என்பேன். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. கெட்டால் கெட்டது, நன்றாக இருந்தால் பல வருடம் நன்றாகவே இருக்கும். இரவு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைப் புரோகிராமை ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். சிவப்பாக ஒரு வரி வந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்காகவே ஒரு வாரமாவது மாற்றித் தருவேன் என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டும். 16 ஜிபி ஒன்றை எடுக்காமல் 8 ஜிபி இரண்டாக எடுங்கள், 3200 வேகம், முடிந்தால் ஒரே மாடல். உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. அது ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு குச்சி போட்டால் பாதை இரண்டாகிறது. ஒரே குச்சியில் ஓட்டினால் விளையாட்டில் வேகம் கண்ணுக்குத் தெரிந்தே விழும்.

ப்ராசஸரையும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியிலேயே இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரிசை வளைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். போர்டைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய போர்டில் எந்த கெபாசிட்டர் எப்போது போகும் என்று விற்கிறவருக்கே தெரியாது. ஏ520 போர்டு உங்களுக்குப் போதுமானது. பி550-இல் கிடைக்கும் பிசிஐ 4.0 வேகத்தை 5600ஜி பயன்படுத்தவே முடியாது, அதற்கு 3.0 மட்டும்தான். பி450 போர்டு விலை குறைவாக வந்தால் பெட்டியின் மேல் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய பயாஸ், உங்கள் ப்ராசஸரை அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்ஜெட் இடிக்கும்போது எல்லாரும் முதலில் வெட்டுவது இதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் என் மாமா வீட்டு சிஸ்டத்துக்குப் புது போர்டு போட்டேன். கேபினட்டோடு வந்த பழைய எஸ்எம்பிஎஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று அதையே விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் மாமா போன் செய்து, "டேய், உன் கம்ப்யூட்டர் கருவாட்டுக் கடை மாதிரி நாறுதுடா" என்றார். போய்த் திறந்தால் உள்ளே இரண்டு கெபாசிட்டர்களின் தலை பொரி மாதிரி உப்பி வெடித்திருந்தது. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, புது போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஊர்த் திருவிழா போட்டோக்கள் ஆறு வருடத்தது அந்த டிஸ்கில். எஸ்எம்பிஎஸ்ஸில் நான் மிச்சம் பிடித்த காசை மாமா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் கேபினட்டின் பக்கத் தகடைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேலிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை நம்பாதீர்கள். கட்டத்துக்குள் 12 வோல்ட் என்று ஒரு பத்தி இருக்கும், அதன் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய சிஸ்டத்தில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் குடிப்பதெல்லாம் 12 வோல்ட்டில் இருந்துதான். அங்கே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். 450 என்ற எண் ஸ்டிக்கர் அடித்தவர் மனசில் மட்டும் இருக்கிறது. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மட்டமானது காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும்.

5600ஜி போட்ட சிஸ்டம் முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடுவதே அபூர்வம். அப்படியானால் அந்த 168 போதுமே என்று தோன்றும். வாட் மட்டும் இருந்தால் போதாது. கரண்ட் திடீரென்று ஏறும்போதும் போய் வரும்போதும் 12 வோல்ட்டை 12-இலேயே நிறுத்துவதும், தன்னால் முடியவில்லை என்றால் மற்றவற்றை இழுக்காமல் தான் மட்டும் அணைவதும் அதன் வேலை. மட்டமானதில் அந்தப் பாதுகாப்புச் சர்க்யூட்டுக்கான இடம் போர்டில் காலியாகவே இருக்கும், வெறும் ஓட்டை மட்டும். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரை கரண்ட் வீணாகாமல் இருப்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்புக்கு அது சான்றில்லை. ஆனாலும் அந்த முத்திரையும் ஐந்து வருட வாரண்டியும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் உருப்படியான சரக்குதான். கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 450 ப்ரான்ஸ், டீப்கூல் பிகே450டி வகையறாவைக் கேட்டுப் பாருங்கள். பழையதை வைத்துக்கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் பழையதில் ப்ராசஸருக்குப் போகும் கனெக்டர் பெரும்பாலும் நான்கு பின்தான் இருக்கும், இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் எட்டுப் பின் சாக்கெட்.

எர்த்திங்கையும் பார்த்துவிடுங்கள். கேபினட்டின் பின்பக்கத் தகட்டைப் புறங்கையால் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? இருந்தால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் இல்லை, அல்லது மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரில் செருகியிருக்கிறீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசியும் கொஞ்சூண்டு கரண்ட் எர்த் வழியாகப் போக வேண்டியது. வழி இல்லாததால் தகட்டில் நிற்கிறது. இதைச் சரி செய்யாமல் எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் பாதிப் பலன்தான். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, அவருக்கான கூலியையும் 25,000-க்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இருக்கிறது என்றால் அதன் பேட்டரி எந்த வருடத்தது என்று பாருங்கள். அந்த 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிகள் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். யூபிஎஸ் பீப் அடித்த அடுத்த நொடி அணைந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எஸ்எஸ்டிக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். புது போர்டில் என்விஎம்இ ஸ்லாட் இருக்கும், 500 ஜிபி ஒன்று போடுங்கள். விளம்பரத்தில் 3500, 5000 என்று ஓடும் வேக எண்களுக்காகக் கூடக் காசு தராதீர்கள். ஹார்ட் டிஸ்கில் இருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். எஸ்எஸ்டிக்குள்ளேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உங்கள் வேலையில் தெரியும் வித்தியாசம் சொற்பம். அட்டையில் டிபிடபிள்யூ என்றொரு எண் இருக்கும், மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பது. 500 ஜிபி எஸ்எஸ்டியில் 300 என்று இருந்தால், தினமும் 50 ஜிபி எழுதினாலும் 16 வருடம் ஓடும். உங்கள் கடையில் அவ்வளவு எழுதப் போவதில்லை. பெயர் தெரியாத கம்பெனியின் 1 டிபி எஸ்எஸ்டி பாதி விலைக்கு வந்தால் மட்டும் ஓடிவிடுங்கள்.

மானிட்டரை மாற்ற வேண்டாம். பின்னால் விஜிஏ போர்ட் உள்ள ஏ520 போர்டுகள் உண்டு, கடையில் கேட்டு அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வாங்கலாம். வெறும் கேபிளாக இருந்தால் வேலை செய்யாது, நடுவில் சர்க்யூட் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து மானிட்டர் என்றால் அனேகமாக 1366க்கு 768 ஆகத்தான் இருக்கும். பையன் முகம் சுளிப்பான், ஆனால் ஃபுல் எச்டியில் உள்ளதில் பாதிப் புள்ளிகள்தான் அதில். வேகா கிராஃபிக்ஸுக்கு வேலை பாதியாகி விளையாட்டு இன்னும் வேகமாக ஓடும். அவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேபினட்டும் இருக்கட்டும். போர்டு மாட்டும் ஸ்க்ரூ இடங்கள் 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் அளவையே இன்னும் பின்பற்றுகின்றன, புது போர்டு அப்படியே உட்காரும். முன்பக்கத்தில் யுஎஸ்பி 3 இருக்காது, பின்னால் செருகிக்கொள்ளலாம். ஊதிச் சுத்தம் செய்து, பின்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். ஆர்ஜிபி லைட் போட்ட கண்ணாடி கேபினட்டுக்குப் போகும் காசு எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகட்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இனி வேண்டாம், ஃபைல் வைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்து மஞ்சளோ சிவப்போ காட்டினால் அதையும் நம்பாதீர்கள். ஃபார்மட் போடுவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம்: விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து வையுங்கள். பாமினியிலும் இன்னும் என்னென்னவோ பெயரில் உள்ள பழைய எழுத்துருக்களிலும் அடித்து வைத்த பத்து வருடக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் உங்களிடம் இருக்கும். ஃபான்ட் இல்லாமல் திறந்தால் மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பிரிண்டர், ஸ்கேனர் இரண்டுக்கும் விண்டோஸ் 11 டிரைவர் கம்பெனி தளத்தில் இருக்கிறதா என்று பார்ட்ஸ் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வாங்குவது எங்கே என்றால், சென்னை வரும் வேலை இருந்தால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட், பக்கத்து நரசிங்கபுரம் தெரு. மூன்று கடையில் விலை கேளுங்கள், ஆன்லைன் விலையை போனில் திறந்து வைத்துக்கொண்டே கேளுங்கள். முதலில் சொல்லும் விலை ஜிஎஸ்டி சேர்க்காததாக இருக்கும். 18 சதவீதம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். ப்ராசஸர் அட்டைப்பெட்டியில் வருவதா, ட்ரே என்று பிளாஸ்டிக்கில் சுற்றித் தருவதா என்று பாருங்கள். பெட்டியோடு வந்தால் கம்பெனியின் மூன்று வருட வாரண்டியும் கூலரும் இருக்கும். ட்ரே என்றால் அந்தக் கடைக்காரரின் வாய் வார்த்தைதான் வாரண்டி. சென்னைக் கடையில் வாங்கினால் ரிப்பேருக்கு மறுபடி சென்னை போக வேண்டும் என்பதையும் யோசியுங்கள். விலை வித்தியாசம் ஐந்நூறு, ஆயிரம்தான் என்றால் நான் மதுரையிலேயே வாங்குவேன்.

மாட்டும்போது ரேம் குச்சிகளைப் போர்டு நான்கு ஸ்லாட் உள்ளதாக இருந்தால் ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். ஆன் ஆனதும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய மறக்காதீர்கள். செய்யாவிட்டால் 3200-க்கு வாங்கிய ரேம் 2400-இலோ 2666-இலோ சோம்பிக் கிடக்கலாம். டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் அதே பயாஸில்தான், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்று இருக்கும். ஏஎம்4-இல் பின்னாளில் கூலரைக் கழற்ற நேர்ந்தால் நேராக மேலே இழுக்கக் கூடாது. காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சேர்ந்து வந்து பின் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணைத்து, லேசாகத் திருகி எடுக்க வேண்டும்.

செலவை ஒரேயடியாகச் செய்ய முடியாவிட்டால் வரிசையைச் சொல்கிறேன்: இந்த மாதம் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் வாங்கிப் பழைய போர்டிலேயே மாட்டுங்கள். காலை டீ பிரச்சினை அன்றே தீரும், இரண்டும் நாளைக்குப் புது போர்டிலும் வேலை செய்யும். போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றும் சேர்ந்து அடுத்த தவணை. அதற்குள் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும், காலையில் எடுத்த டாஸ்க் மேனேஜர் ஸ்க்ரீனையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 12 வோல்ட் பத்தி தெளிவாகத் தெரிகிற மாதிரி, ஃபிளாஷ் போடாமல்.